28 மாத்திரைகள்

அந்த ஊசியை விரிப்பின் மேல் வைத்தது நான்தான். விபத்து அறிக்கையில் இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

இரவுப் பணி. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஓடும் ஆம்புலன்ஸில் கேனுலா, அதாவது நரம்பு வழியாக மருந்து ஏற்றும் சிறு குழாய், போட்டேன். ஊசிகளைப் போடும் பெட்டி பின்கதவுப் பக்கம், நான் தலைமாட்டில். எழுந்தால் நரம்பை அழுத்தியிருக்கும் விரலை எடுக்க வேண்டும். பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போடலாம் என்று ஊசியைப் பக்கத்தில் வைத்தேன். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது, கையை ஊன்றினேன். கையுறை ஊசியைத் தடுக்காது என்று தெரியாதவனில்லை. ஆனாலும் அதற்குள் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தபோது, யாரோ ஏமாற்றிவிட்டது போலத்தான் இருந்தது.

நோயாளியை ஒப்படைக்கும் வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு குழாயடிக்குப் போனேன். விரலைப் பிதுக்கக் கூடாது, ஸ்பிரிட், பிளீச் எதுவும் ஊற்றக் கூடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவன் நான். கை என்னவோ பிதுக்கத்தான் போனது.

"கழுவியாச்சுல்ல, விடு தம்பி. வண்டி கழுவுறப்ப எனக்கே ரெண்டு தடவை குத்தியிருக்கு" என்றார் ஓட்டுநர் அண்ணன். விட்டிருப்பேன். உறுத்தியது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான், தடுப்பாற்றல் இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் 6 முதல் 30 சதவீதம் வரை. அதன் தடுப்பூசியில் நான் இரண்டு டோஸோடு நின்றவன். ஆறாம் மாத டோஸ் அன்று டியூட்டி இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குக் குத்தியது?" எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சில மணி நேரத்திலேயே என்றால் நல்லது. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் முதல் மாத்திரையைக் கையில் கொடுத்தார். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. கூடவே ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி, தடுப்பூசியில் விட்டுப்போன மூன்றாவது டோஸ்.

அடிபட்டவரிடம் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கேட்டார்கள். மறுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. வலியில் கிடப்பவரிடம் எச்.ஐ.வி. என்ற சொல்லோடு போய் நின்றால் அவர் என்ன நினைப்பார் என்று யோசிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் நிலை தெரியாததால் 28 நாளும் மாத்திரை.

குமட்டல் ஒரு வாரத்தில் அடங்கியது. அதற்காக அன்டாசிட் என்ற அமில முறிவு மருந்தைப் போடப் பார்த்தேன். சேர்த்துச் சாப்பிட்டால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது என்று நல்லவேளையாக மருந்தாளுநர் தடுத்தார். ரத்ததானம் கூடாது, உறவில் ஆணுறை கட்டாயம். மனைவியிடம் இதைச் சொன்ன இரவைப் பற்றி எழுதப் போவதில்லை.

அறிக்கைப் படிவத்தில் காரணத்துக்கு ஒரே ஒரு கட்டம். மேலாளர் 'கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதன் கீழேயே 'உட்கார்ந்த இடத்திலிருந்து பெட்டி எட்டாது' என்றும் எழுதினேன். பெட்டியைத் தலைமாட்டுக்கு மாற்ற நான்கு திருகாணியும் அரை மணி நேரமும் ஆயின.

ஆறாவது வாரப் பரிசோதனை நெகட்டிவ். மூன்றாம் மாதப் பரிசோதனைக்குக் கிளம்பியபோது ஓட்டுநர் அண்ணனும் கூட வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.