மூன்றாவது வியாழனுக்காக ஒரு வைன்

அறுத்த வருடமே, நவம்பர் மூன்றாவது வியாழனன்று விற்பனைக்கு வரும் பிரெஞ்சு இளம் சிவப்பு வைன் ‘பொஜோலே நூவோ’. வைன் ரசனை உள்ளவர் என்று பெயரெடுத்த யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு இளப்பச் சிரிப்பு வரும். வாழைப்பழ வாசனை, மிட்டாய் வாசனை, கிறிஸ்துமஸ் தாண்டினால் சீந்துவாரில்லை என்று வரிசையாகச் சொல்வார்கள். சொல்வது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த வைனைச் செய்யும் ஒரு கூடத்தில் சில வருடங்களாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், அதற்காகக் கொஞ்சம் வாதாட எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிரான்சின் லியோன் நகரத்துக்கு வடக்கே, சோன் ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டிய குன்றுகள்தான் பொஜோலே. தெற்கே களிமண்ணும் சுண்ணாம்பும், வடக்கே கருங்கல் உதிர்ந்த மணல் நிலம். எங்கு பார்த்தாலும் காமே என்ற ஒரே கறுப்புத் திராட்சை. 1395இல் பர்கண்டியின் கோமகன் பிலிப், இந்தக் காமே மட்டமானது, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணையே போட்டார். அங்கே விரட்டப்பட்டது இந்தக் கருங்கல் மேடுகளில் நன்றாக வேர் பிடித்துக்கொண்டது. வடக்கே மோர்கோன், ஃப்ளூரி, மூலான்-ஆ-வான், ஷிரூப்ல் போன்ற 10 இடங்களுக்கு ‘க்ரூ’ என்ற தனித் தகுதி உண்டு. அவை தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்கும். அந்த வைன்களை நூவோவாக விற்க விதி இடம் தராது. நூவோ எல்லாம் சாதாரண பொஜோலே, அதற்கு ஒரு படி மேலான பொஜோலே-வில்லாஜ் நிலங்களிலிருந்துதான்.

நான் வேலை பார்க்கும் பண்ணைக்கு இரண்டு வகை நிலமும் இருக்கிறது. அதனால் ஒரே கூரையின் கீழ், ஒரே பழத்துக்கு இரண்டு காலண்டர். பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் ஒன்று நவம்பரை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். மற்றது அடுத்த கோடை வரை அசையாது.

அறுவடை இங்கே பெரும்பாலும் கையால்தான். பாரம்பரியம் என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்வார்கள். உண்மைக் காரணம் தொட்டியில் இருக்கிறது: குலைகள் உடையாமல் முழுசாக வந்து சேர வேண்டும். இயந்திரம் பழத்தை உதிர்த்துவிடும். பழைய தோட்டங்களில் செடிகள் பந்தலிலோ கம்பியிலோ ஏறாமல், முழங்கால் உயரத்தில் கிண்ணம் மாதிரி விரிந்து நிற்கும், ஹெக்டேருக்கு சுமார் 10,000 செடிகள். ஒவ்வொன்றுக்கும் குனிய வேண்டும். மூன்றாம் நாள் முதுகு எங்கே முடிகிறது, இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முன்பெல்லாம் பண்ணையே சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, கடைசி நாளில் எல்லோரையும் உட்காரவைத்து ‘ரெவோல்’ என்ற விருந்தும் போடும். இப்போது ஒப்பந்தக்காரர்கள் வேனில் கொண்டுவந்து இறக்கும் குழுக்கள் அதிகம். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பண்ணைக்காரர்கள் பலர் கேட்பதில்லை. கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும் என்பதும் ஒரு காரணம். எங்கள் பண்ணையில் ரெவோல் இன்னும் நடக்கிறது. வேன் குழுவும் அதில் உட்காருகிறது. அந்த ஒரு விஷயத்தில் முதலாளி பிடிவாதமான ஆள்.

சரி, தொட்டிக்கு வருவோம். இந்த வேலையில் எனக்கு இன்றுவரை சலிக்காதது இந்தக் கட்டம்தான். மற்ற ஊர்களில் சிவப்பு வைனுக்குப் பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து, நசுக்கி, ஈஸ்ட் வேலையைத் தொடங்க விடுவார்கள். இங்கே முழுக் குலைகளை அப்படியே கொட்டுகிறோம். அடியில் இருப்பவை மேலே உள்ள எடையில் நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாறு நொதித்துக் கரியமில வாயு கிளம்பும். அது காற்றை வெளியே தள்ளிவிட்டுத் தொட்டியை நிறைத்துவிடும். மேலே உடையாமல் கிடக்கும் பழங்களுக்கு இப்போது ஆக்சிஜன் இல்லை. அப்போது ஈஸ்ட் இல்லாமலேயே, பழத்துக்குள் இருக்கும் நொதிகள் சர்க்கரையை மதுவாக மாற்றத் தொடங்கும். 2 சதவீத மது அளவு சேர்வதற்குள் பழம் ஓய்ந்துவிடும். ஆனால் அதற்குள் புளிப்பு கணிசமாகக் குறைந்து, தோல் தளர்ந்து, சாதாரண நொதித்தலில் வராத ஒரு பழ மணம் உண்டாகியிருக்கும். மேலிருந்து ஒன்றைப் பிட்டு வாயில் போட்டால் நாக்கில் லேசாகச் சுரீர் என்கும். உள்ளே சிவந்திருக்கும், காமேயின் சதை வெள்ளை என்பதை நினைத்துக்கொண்டால் அதன் அருமை தெரியும்.

காலையும் மாலையும் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் சாறு எடுத்து, அடர்த்திமானியை மிதக்கவிட்டு, எண்ணையும் வெப்பத்தையும் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. தண்ணீருக்கு 1000 என்றால், சாறு 1090 சுமாரில் தொடங்கும். சர்க்கரை தீரத் தீர எண் இறங்கி 1000க்குக் கீழே போகும். எண் நகராமல் நின்றால் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள். மீதி நேரமெல்லாம் கழுவுவதுதான். குழாய், பம்ப், தரை, பெட்டி, திரும்பவும் குழாய். வைன் செய்கிறேன் என்று ஊரில் சொன்னால் கோப்பையைச் சுழற்றி முகர்ந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். கையில் தண்ணீர்க் குழாயுடன் ரப்பர் பூட்ஸில் நிற்கும் படம் ஒன்றை அனுப்பினேன். அதன்பிறகு கேள்வி குறைந்தது.

அந்த வாயுவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாது, தொட்டிக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். குனிந்து பார்த்தவர் விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதும் வைன் செய்யும் நாடுகளில் எல்லாம் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் மெழுகுவத்தியை இறக்கி, அணைகிறதா என்று பார்ப்பார்கள். இப்போது இடுப்பில் மாட்டும் கருவி கத்துகிறது, விசிறி ஓடுகிறது. அப்படியும் யாரும் தனியாக இறங்கக் கூடாது.

நூவோ என்றால் நாலைந்து நாளில் தொட்டியைத் திறந்து பிழிகிறோம். எங்கள் க்ரூ வைனான ஃப்ளூரி இன்னும் ஒரு வாரம், சில வருடம் அதற்கு மேலும் உள்ளே கிடக்கும். பிழியும்போது இறங்கும் சாறு பாதி இனிப்பு, பாதி மது, அடர் ரோஜா நிறம். இதற்கு இங்கே ‘சொர்க்கம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் மட்டும் தபால்காரர், மெக்கானிக், ஏதாவது ஒரு சாக்கில் எல்லோரும் கூடத்துக்கு வந்துபோவார்கள்.

அதற்கப்புறம்தான் தேதியின் ஆட்சி. இளம் வைனை உடனே குடிப்பது இங்கே பழைய வழக்கம். பீப்பாயில் நொதித்துக்கொண்டே லியோன் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போய்ச் சேருமாம். 1951இல் டிசம்பர் நடுவரை காத்திருக்க வேண்டும் என்று அரசு விதி போட, விவசாயிகள் சண்டை பிடித்து நவம்பரிலேயே விற்க அனுமதி வாங்கினார்கள். பிறகு அது நவம்பர் 15 ஆகி, 1985இலிருந்து நவம்பர் மூன்றாவது வியாழன் என்று நிலைத்தது. புதன் நள்ளிரவில் பொஜூ ஊரில் காய்ந்த திராட்சைக் குச்சிகளைக் கொளுத்திக்கொண்டு ஊர்வலமாகப் போய்ப் பீப்பாயைத் திறப்பார்கள். ஏற்றுமதியில் பெரிய வாடிக்கையாளர் ஜப்பான். விமானத்தில் போகும் சரக்கு என்பதால் எங்களுக்கு வியாழன் என்பது உண்மையில் அக்டோபர் கடைசி.

வைனுக்கு வியாழக்கிழமை தெரியாது. புளிப்பு குறைய இரண்டாவது நொதித்தல் ஒன்று நடக்க வேண்டும். அது முடியாமல் புட்டியில் அடைத்தால் உள்ளேயே பொங்கும். முடிந்ததா என்று பார்க்க, நாற்றமடிக்கும் ஒரு கரைப்பானில் காகிதப் பட்டையைத் தொங்கவிட்டு, அந்தப் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலத்தின் மஞ்சள் புள்ளி மறைந்ததா என்று பார்க்கிறோம். ஃப்ளூரி தொட்டியில் அந்தப் புள்ளி குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டுப் போகட்டும். நூவோ தொட்டியில் இருந்தால் சூடாக்குகிறோம், காத்திருக்கிறோம், லாரி நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பொய் சொல்கிறோம்.

இந்த அவசரத்தில்தான் கெட்ட பெயர் பிறந்தது. பழத்தை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி நிறத்தை உறிஞ்சி, வாழைப்பழ மணம் தரும் ஈஸ்ட்டைப் போட்டால் தேதி தவறாது. எல்லாக் கூடத்து வைனும் ஒன்றுபோலவும் இருக்கும். வாங்க ஆள் இருந்தவரை யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. 2001 அறுவடையில் விற்காமல் தேங்கிய வைனைப் பெரிய அளவில் காய்ச்சி வடிக்க வேண்டியதாயிற்று. மோர்கோனில் பொறுமையாக வைன் செய்துகொண்டிருந்தவர்களும், லேபிளில் பொஜோலே என்ற சொல் இல்லாதபோதும், அந்தப் பெயரின் சுமையைச் சுமந்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் கணக்கு நோட்டைப் பாருங்கள். கவாத்துக் கூலி, செம்பு மருந்து, டிராக்டர் டீசல், அறுவடைக் கூலி, புட்டி, தக்கை என்று ஒரு வருடம் முழுக்கப் பணம் வெளியேதான் போகும். ஃப்ளூரி விற்றுக் காசாக இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம். இடையில் ஆலங்கட்டி விழலாம். 2021 ஏப்ரலில் மாதிரி உறைபனி மொட்டைக் கருக்கலாம். நூவோ ஒன்றுதான் அறுத்த வருடமே காசாகிக் கைக்கு வருவது. பொறுமையாகச் செய்யும் வைனுக்குப் பொறுமையை வாங்கிக் கொடுப்பது இந்த அவசர வைன். தவிர, முழுக் குலை போட்டு, சூடாக்காமல், சொந்த ஈஸ்ட்டில் செய்த நூவோவை ஒரு தட்டுப் பன்றி வறுவலோடு குடித்தவர்கள் கேலியைத் தள்ளிவைப்பார்கள்.

இந்த ஜனவரியில் கவாத்து செய்துகொண்டிருந்தபோது முதலாளி பேச்சை எடுத்தார். “இந்த வருஷம் நூவோ வேண்டாம். வில்லாஜையும் நிதானமா செய்வோம். எனக்கு வயசாகுது, அக்டோபர் தாங்கல.”

“அப்ப டிசம்பர் சம்பளம்?” என்றேன்.

கத்தரியை நிறுத்தாமல் அடுத்த செடிக்குப் போய்விட்டார். கணக்கு பார்ப்பது அவர் மகள். அவர் என் பக்கம். வங்கியும் என் பக்கம்தான் இருக்கும் என்கிறார். மார்ச்சுக்குள் புட்டிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். அதுவரை இதே வாக்குவாதம் ஒவ்வொரு வரிசையிலும் தொடர்கிறது.