நீக்க முடியாத திவான்

எதேச்சதிகாரம் என்றதும் ஹிட்லரும் ஸ்டாலினும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்த ஆட்சி எத்தனை வேடங்களில் வரும் என்பதை அறிய, திருவிதாங்கூரில் நெடுங்காலம் இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாறே போதும்.

பத்மநாபபுரம் அரண்மனையில், குறுகலான மரப்படிகளில் ஏறினால் மந்திரசாலை வரும்; மைக்கா பதித்த சன்னல்களின் மங்கிய ஒளியில் அரசரும் ஆலோசகர்களும் பேசி முடிவெடுத்த அறை அது. மார்த்தாண்டவர்மா 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, இறைவனின் தாசனாக ஆண்டார். அரசரை எதிர்ப்பது தெய்வத்தையே எதிர்ப்பதாகக் கருதப்பட்ட பிறகு, குடிமக்கள் எங்கே போய் முறையிடுவது? நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்வதற்கும் பல பத்தாண்டுப் போராட்டமும் 1859ஆம் ஆண்டின் அரச அறிவிப்பும் வேண்டியிருந்தன.

ஆயினும் மன்னராட்சியைவிட நான் கூர்ந்து கவனிக்கச் சொல்வது, 1936இல் திவானான, அதாவது மன்னரின் தலைமை அமைச்சரான, சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சியைத்தான். அவர் பொறுப்பேற்ற ஆண்டிலேயே ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது என்பதை மறைக்கக் கூடாது. எதேச்சதிகாரம் சில வேளைகளில் நல்ல ஆணைகளையும் பிறப்பிக்கும். 1946இல் அவர் முன்வைத்த அரசியல் திட்டம் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. ஆனால் மக்கள் தேர்ந்தெடுக்கும் சபையால் திவானை மட்டும் நீக்க முடியாது. ‘அமெரிக்க மாதிரி’ எனப்பட்ட அந்தத் திட்டத்தை எதிர்த்து, ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்று மக்கள் முழங்கியது அதனால்தான். அவ்வாண்டு அக்டோபரில் ஆலப்புழைப் பகுதியின் புன்னப்புரா வயலாரில் எழுந்த கிளர்ச்சி துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது. தேர்தல் நடக்கிறதா என்பதைவிட, ஆள்பவரைச் சட்டப்படி இறக்க வழி இருக்கிறதா என்பதே என் முதல் கேள்வி.

அந்த வழியை அடைக்கும் முறைகள் பல. பாகிஸ்தானில் 1958இலும் பர்மாவில் 1962இலும் ராணுவம் அடைத்தது. சோவியத் ஒன்றியத்தில் ஒரே கட்சி அடைத்தது. ஜெர்மனியில் 1933 மார்ச்சில் நாடாளுமன்றமே வாக்களித்துத் தன் அதிகாரத்தை ஹிட்லரிடம் ஒப்படைத்தது. நம் நாட்டில் 1975 ஜூனில் அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொண்டே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டன. மக்களவையின் ஆயுளும் நீட்டிக்கப்பட்டது. நாகர்கோவில் தொகுதியின் உறுப்பினரான காமராஜர் அந்த இருண்ட நாட்களில்தான் மறைந்தார்.

மக்களாட்சியும் சுடும். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு இணையக் கோரியவர்களைச் சுட்டது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு, மக்கள் வாக்கால் அமைந்த அரசு. அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே தம் அரசைப் பதவி விலகச் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் அது சட்டமன்றத்தில் கவிழ்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தில் இணைந்தன.