நூறு விழுக்காடு நிரம்பிய பேட்டரி

10 பிப்ரவரி 2010, புதன்

அப்பா தன் பழைய நினைவுகளைச் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தேன். 1948 ஜூன் 16, மலாயாவில் சுங்கை சிப்புட் பக்கத்து எல்பில் ரப்பர் தோட்டத்தின் மேலாளரான வெள்ளைக்காரத் துரை சுடப்பட்ட நாள். அப்பாவுக்கு அப்போது 13 வயது. "அன்னிக்கு ராத்திரி தொழிலாளர் லயத்து வீடுகள்ல யாருமே விளக்கேத்தல" என்று அவர் சொன்ன நேரம் பார்த்து இங்கே இடி, மழை, கரண்டும் போனது. பேட்டரிதான் இருக்கிறதே என்று தொடர்ந்தேன். 61 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த திரை சட்டென்று அணைந்துவிட்டது. சேமிக்காத ஒன்றரைப் பக்கம் போயிற்று. அப்பாவை மறுபடி அதே இடத்துக்குக் கூட்டிப்போனால் அதே சொற்கள் வருமா?

கரண்டு வந்ததும் பார்த்தேன். பேட்டரிப் படத்தின்மேல் மறுபடியும் அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி. சுட்டியை வைத்தால், 100 விழுக்காடு இருக்கிறது என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, பேட்டரியை மாற்றுவது பற்றி யோசியுங்கள் என்று இன்னொரு வரி. எதை நம்புவது?

11 பிப்ரவரி, வியாழன்

ஈப்போவிலிருந்து தம்பி போன் பண்ணினான். "அக்கா, புது விண்டோஸ்தான் பேட்டரியைக் கெடுக்குது. பழைய விண்டோஸ் விஸ்டாவுக்கே போயிடுங்க." போன மாதம் விண்டோஸ் 7 ஏற்றிய பிறகுதான் இந்தக் குறியே வந்தது என்பதால் எனக்கும் அதே சந்தேகம். டவுன் கடையில் கேட்டேன். பழையதை ஏற்றித் தர 80 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்றார்கள்.

நல்லவேளை, கொடுக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பிரிவுத் தலைவர் ஸ்டீவன் சினோப்ஸ்கி இந்த வாரம் எழுதிய விளக்கத்தை இரவு படித்தேன். பேட்டரி தன்னைப் பற்றிச் சொல்லும் எண்களை விண்டோஸ் படிக்க மட்டும்தான் செய்கிறதாம், அவற்றை மாற்ற அதனால் முடியாதாம். புதிதில் இருந்த கொள்ளளவில் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் குறி போடும். விஸ்டாவில் இந்த எச்சரிக்கையே கிடையாது. அப்படியானால் பேட்டரி முன்பே தேய்ந்துதான் இருந்திருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை.

12 பிப்ரவரி, வெள்ளி

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை நிர்வாகி உரிமையோடு திறந்து 'powercfg -energy' என்று அடித்தேன். ஒரு நிமிடம் கவனித்துவிட்டு அறிக்கை கொடுத்தது. வடிவமைப்புக் கொள்ளளவு 47,520. கடைசியாக முழுதாய் ஏறியது 17,300. கணக்குப் போட்டால் 36 விழுக்காடு.

அப்பாவிடம் காட்டினேன். 31 வருடம் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ரப்பர் பால் நிறுத்துக் கணக்கெழுதிய மனிதர், இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "மரத்துல பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைச் சுரண்டாம விட்டா அடியில பால் கட்டிப்போயிடும். அப்புறம் கொஞ்சம் வடிஞ்சாலே மங்கு நிறைஞ்சிடும். நிறைஞ்ச மங்குதான், ஆனா பால் எங்க இருக்கு?"

அதேதான்! அந்த 100 விழுக்காடு இன்றைய மங்குக்குக் கணக்கு. சிவப்புக் குறி புது மங்கோடு ஒப்பிட்டுச் சொல்வது. இரண்டு வரியும் உண்மை. இந்த இரண்டு எண்களையும் அந்தக் குறியின் பக்கத்திலேயே போட்டிருந்தால் என்னைப் போன்றவர்கள் இப்படி அலைய வேண்டியதில்லை. சினோப்ஸ்கி படித்தால் இதைத்தான் அவரிடம் கேட்பேன்.

தேய்ந்ததற்குக் காரணமும் புரிகிறது. தகரக்கூரை வீடு, மத்தியானச் சூடு, மூன்று வருடமாக வயரைக் கழற்றாமல் எப்போதும் முழு சார்ஜில். லித்தியம் அயன் பேட்டரிக்கு இந்த இரண்டுமே ஆகாது.

13 பிப்ரவரி, சனி

நாளை சீனப் பெருநாள். ஈப்போ கடைகள் மூடிவிட்டன. வயரோடு மட்டும் வேலை, பத்தியொன்று முடிந்தால் உடனே சேமிப்பு.

20 பிப்ரவரி, சனி

புது பேட்டரி 230 வெள்ளி. பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே கொடுத்துவிட்டேன். குறி போய்விட்டது. சாயங்காலம் வயரைக் கழற்றி, மடிக்கணினியை வீட்டு முன்னால் இருக்கும் அஞ்சடித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். "எங்க விட்டோம்?" என்றார். "லயத்துல விளக்கேத்தல, அங்கதான்பா."