ரிங்கிட் நாட்டில் டாலர் கேட்ட எக்செல்

மலேசியாவில் செபராங் பிறைப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டில் ஐந்தே பேர். கணக்கில் 40, 50, 60, 70, 80 மார்க். அதற்கு எக்செலில் இஸட் ஸ்கோர் (மார்க் சராசரியிலிருந்து எத்தனை நியமவிலக்கம் தள்ளி நிற்கிறது என்ற எண்) போட்ட டீச்சர் ஆசிரியர் அறையில் புலம்பினார்: "சார், நாலு பேரும் சராசரிக்குக் கீழேயாம். 80 எடுத்த பிள்ளைக்கு மட்டும் #டிவ்/0! வருதுலா!"

பக்கத்து மேசை சார் தே தாரிக் டீயைக் கீழே வைக்காமலே கேட்டார். "டாலர் போட்டீங்களா டீச்சர்?"

"நமக்கு ரிங்கிட்தானே சார்?"

எக்செலுக்கு டாலர்தான் வேண்டும்: சூத்திரத்தை இழுக்கும்போது எல்லை நகராமல் பூட்டும் $ குறி. முதல் வரிசையில் =(பி2-ஆவரேஜ்(பி2:பி6))/எஸ்டிடெவ்.எஸ்(பி2:பி6) சரியாகத்தான் இருந்தது (ஆவரேஜ் சராசரி, எஸ்டிடெவ்.எஸ் நியமவிலக்கம், அதாவது மார்க்குகளின் சிதறல் அளவு), விடை -1.26. கீழே இழுத்ததும் பி3:பி7, பி4:பி8 என்று எல்லையும் கூடவே நழுவிவிட்டது. 50 எடுத்தவன் தனக்குக் கீழே இருப்பவர்களோடு மட்டும் ஒப்பிடப்பட்டு -1.16 வாங்கினான். 60க்கு -1, 70க்கு -0.71. மார்க் ஏறுவரிசையில் இருந்ததால் எல்லாருமே 'மட்டம்'. கடைசி வரிசையில் 80 தன்னந்தனி. ஒரே எண்ணுக்கு எஸ்டிடெவ்.எஸ் எண்ணிக்கையான ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சுழியால் வகுக்கும், ஆகவே பிழை. பி$2:பி$6 என்று மாற்றி இழுத்ததும் -1.26, -0.63, 0, 0.63, 1.26 என்று வரிசையாக வந்து நின்றன.

கழித்தலைச் சுற்றிய அடைப்புக்குறியை விட்டால் கதை வேறு. வகுத்தல் முதலில் நடந்து 80-இன் இஸட் 76.2 ஆகிவிடும். இஸட் 3-ஐத் தாண்டினாலே சந்தேகப்படவேண்டும். 76 என்றால் அடைப்புக்குறியைத் தேடுங்கள்.

இனி வராத பையன் கதை. ஆறாவதாக ஒருவன் அன்று லீவு. அவனுக்கு 0 போட்டால் சராசரி 60-இலிருந்து 50-க்கு இறங்கும்; -0.63 வாங்கிய 50 மார்க் பையன் ஒன்றும் செய்யாமலே 0-க்கு ஏறிவிடுவான். இப்படியொரு நண்பன் யாருக்குக் கிடைப்பான்! சரி, கட்டத்தைக் காலியாக விட்டால்? ஆவரேஜ் அதைக் கண்டுகொள்ளாது, ஆனால் கழித்தல் காலியை 0 என்றே எடுக்கும், வராதவனுக்கு -3.79. ஆகவே இஃப், இஸ்நம்பர் இரண்டையும் சேர்த்து, எண் இருந்தால் மட்டும் கணக்கிடச் சொல்லவேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த மார்க்கை ஒட்டினால் 70 சிலசமயம் எழுத்தாகவே உட்கார்ந்துகொள்ளும். கட்டத்தில் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் அதுதான் அடையாளம். இது மோசமான திருடன்: கழித்தல் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும், ஆவரேஜோ தாண்டிப் போய்விடும். பிழைச்செய்தியே வராது. எண்களை மட்டும் எண்ணும் கவுண்ட் 4, காலியல்லாத எல்லாவற்றையும் எண்ணும் கவுண்ட்ஏ 5 என்றால் ஆள் மாட்டினான். எழுத்தை எண்ணாக்கும் வேல்யூ போட்டுத் திருத்தலாம்.

எஸ்டிடெவ்.பி போட்டால் 80-க்கு 1.41 வரும், அது ஐந்தால் வகுக்கும், எஸ்டிடெவ்.எஸ் நாலால். இந்த ஐவர்தான் முழு வகுப்பு என்றால் எஸ்டிடெவ்.பி-யே பொருத்தம், ஆனால் பக்கத்து வகுப்பு எஸ்டிடெவ்.எஸ் போட்டிருந்தால் ஒப்பிடாதீர்கள்.

எல்லாம் சரியானதும் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "பெற்றோருக்கு மைனஸ் காட்டாதீங்க டீச்சர்." இஸட்டைப் பத்தால் பெருக்கி 50 கூட்டி டி ஸ்கோர் ஆக்கினார்கள். 80 எடுத்த பிள்ளைக்கு 62.6.

அன்று மாலையே அவள் அம்மா வாசலில். "டீச்சர், மீதி 17 மார்க் எங்க போச்சு?"