ஏற்காடு போகும்முன் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனோம். திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவு வேண்டாம், அம்மாவுக்குத் தலை சுற்றும் என்று குப்பனூர் வழியாக இறங்கினேன். பாதி வழியில் சிக்னல் போனது. மேப் வெறும் சாம்பல் கட்டமாகிவிட்டது. பனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை, செயற்கைக்கோள் சிக்னலே போதும். நெட் கேட்பது மேப் படம்தான். அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்திருந்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

இப்போது ஃபோனில் இரண்டு மேப் ஆப் வைத்திருக்கிறேன். மலைக்கு ஆர்கானிக் மேப்ஸ். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்தான் அதற்கு அடிப்படை. ஒருமுறை இறக்கினால் நெட் இல்லாமலே வழி சொல்லும், நடைபாதைகள்கூட இருக்கும். ஆனால் டிராஃபிக் தெரியாது. அதனால் சேலம் ஊருக்குள் கூகுள் மேப்ஸ்தான். சாயங்காலம் அஸ்தம்பட்டி பக்கம் நெரிசலா என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம், பைக்குக்குத் தனி வழியும் காட்டும். அதிலும் ஆஃப்லைன் மேப் இறக்கலாம், மலைக்கு அதுவே போதும் என்பவர்களும் உண்டு.

ஐந்து ரோடு மேம்பாலத்தில் மட்டும் எந்த மேப்பையும் நம்பாமல் போர்டைப் பாருங்கள். நாம் பாலத்தின் மேலே போகிறோமா கீழேயா என்பது ஃபோனுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை.

அப்புறம், அம்மா ஃபோனிலும் நேற்றே இறக்கிக் கொடுத்துவிட்டேன்.