எங்கள் ஊர் ரோட்டரிக்குப் பட்டயம் வாங்கிய கதை

ரோட்டரியில் இருக்கும் யாருமே அதன் உலக அமைப்பான ரோட்டரி இன்டர்நேஷனலின் உறுப்பினர் இல்லை. சட்டையில் பல்சக்கர வில்லையைக் குத்திக்கொண்டு முப்பது வருடமாகக் கூட்டத்துக்கு வருகிறவரும் இல்லை. மேடையில் மாலைக்கு மேல் மாலை வாங்குகிறவரும் இல்லை. அங்கே உறுப்பினராக இருப்பவை சங்கங்கள் மட்டும்தான். நாம் நம் ஊர்ச் சங்கத்துக்குத்தான் உறுப்பினர்.

புதிய சங்கம் தொடங்க முனைந்தபோது, வழிகாட்டுவதற்காக, பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டத்திலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். காப்பி வருவதற்குள் அவர் சொன்ன முதல் பாடம் இதுதான். "ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்தது குடும்ப அட்டை. அதற்குள் யார் பெரியவர், யார் சின்னவர் என்பது உங்கள் வீட்டு விவகாரம். ரோட்டரியும் அப்படித்தான் சார்." உபசாரத்துக்குத் தலையாட்டி வைத்தோம். முதல் வருடச் செயலாளராக நான் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சின் முழுக் கனமும் தெரிந்தது.

பக்கத்துப் பெரிய ஊரில் பழைய சங்கம் ஒன்று இருக்கிறது. எங்களில் சிலர் அங்கே உறுப்பினர்கள். கூட்டம் முடிந்து சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கடைசி பஸ் போய்விடும். நமக்கென்று ஒரு சங்கம் இருந்தால் என்ன என்ற பேச்சு அந்தப் பஸ் நிறுத்தத்தில்தான் தொடங்கியது. பழைய சங்கத்தார் முகம் சுளிக்காமல் தாய்ச் சங்கமாக இருக்கச் சம்மதித்தார்கள். அது பெரிய மனது. உறுப்பினர்கள் பிரிந்து போவதை எந்தச் சங்கமும் எளிதில் விரும்புவதில்லை.

புதிய சங்கத்துக்குக் குறைந்தது இருபது பேர் வேண்டும். அரிசி ஆலைக்காரர், பல் மருத்துவர், ஆடிட்டர், வக்கீல், உரக்கடைக்காரர், பள்ளித் தாளாளர் என்று முதல் பதினைந்து பெயர்கள் சுலபமாக வந்து விழுந்தன. மிச்சம் ஐந்துக்குத்தான் திண்டாட்டம். "பேரை வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், கூட்டத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று பெருந்தன்மையோடு சொன்னவர்கள் ஊரில் நிறையப் பேர். அப்படிப்பட்ட பெயர்களை எழுதிக் கொடுத்தோம். ஆலோசகர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டார்.

காரணம் இருக்கிறது. ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய இரண்டு தேதிகளில் பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனைக்கும் தலைமையகம் சந்தா கேட்டுப் பில் அனுப்பும். தலைக்கு இவ்வளவு டாலர் என்று கணக்கு. அதற்கென்று மாதாமாதம் ரோட்டரியே ஒரு டாலர் விலை அறிவிக்கும். ஆள் கூட்டத்துக்கு வந்தாரா, வராமல் கொடைக்கானலில் இருந்தாரா என்பதெல்லாம் அங்கே கேள்வியில்லை. பெயர் இருந்தால் பணம். கட்டாமல் இழுத்தடித்தால் நீக்கப்படுவது அந்த ஆள் இல்லை, சங்கம்.

தொழில் விஷயத்திலும் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பட்டியலில் உரக்கடைக்காரர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். மைத்துனன், சகலை என்று எல்லாம் ஒரே கூட்டம். பல தொழிலார் கலந்து இருக்க வேண்டும் என்பது ரோட்டரியின் பிறவிக் குணம். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் முதலில் கூடியவர்கள் நான்கு பேர். பால் ஹாரிஸ் வக்கீல், சில்வெஸ்டர் ஷீலே நிலக்கரி வியாபாரி, கஸ்டவஸ் லோர் சுரங்கப் பொறியாளர், ஹிரம் ஷோரே தையல் கடை முதலாளி. ஒவ்வொருவர் தொழிலிடத்திலும் முறை வைத்துக் கூடியதால்தான் சுழற்சியைக் குறிக்கும் இந்தப் பெயரே வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று ஆரம்பத்தில் இருந்த கறார் இப்போது தளர்ந்துவிட்டது. ஆனால் ஒரே வியாபாரத்தார் கை ஓங்கக் கூடாது என்ற கொள்கை மாறவில்லை. இரண்டு சகலைகளைக் குறைத்துவிட்டு ஒரு கால்நடை மருத்துவரையும் ஒரு செவிலியர் கண்காணிப்பாளரையும் சேர்த்தோம். சங்கத்துக்கு வந்த நல்ல காலம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு விதிகள். ரோட்டரியில் சங்கத்துக்கு இரண்டு புத்தகம். ஒன்று எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான அமைப்பு விதி. 1922 ஜூன் 6-க்குப் பிறகு சேர்ந்த எந்தச் சங்கமும் அதை அப்படியே ஏற்றாக வேண்டும். இன்னொன்று துணை விதிகள்; அதை நாமே எழுதிக்கொள்ளலாம், முதல் புத்தகத்தோடு முட்டக் கூடாது. எங்கள் வக்கீல் நண்பர் பொது விதியையே வரிக்கு வரி திருத்தி எடுத்து வந்தார். ஆலோசகர் அதை மரியாதையாக வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு காற்புள்ளியை மாற்றவும் எங்களுக்கு அதிகாரம் இல்லை, ரோட்டரி மாவட்டத்தின் ஆளுநருக்கும் இல்லை, உலகத் தலைவருக்கும் இல்லை. மாற்றக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும் சட்டமியற்றும் மன்றம். மாவட்டத்துக்கு ஒரு பிரதிநிதி என்று உலகெங்கும் இருந்து வந்து உட்கார்ந்து வாக்களிப்பார்கள். வாரம் தவறாமல் கூட வேண்டும் என்றிருந்த கட்டாயத்தை மாதம் இரண்டு கூட்டமாவது போதும் என்று 2016-இல் தளர்த்தியது அந்த மன்றம்தான். வக்கீலின் மனம் ஆறியது அதைக் கேட்டுத்தான். துணை விதியில் அவர் எழுதிய முதல் வரியே மாதம் இரண்டு கூட்டம்.

பெயர் வைப்பதில் அதைவிடப் பெரிய சண்டை. கோயில் பெயர் வேண்டும் என்றார் ஆலைக்காரர். எந்த ஊர்ச் சங்கம் என்பது பெயரைப் பார்த்தாலே தெரிய வேண்டும் என்பது விதி. ஊர்ப் பெயர் கட்டாயம், அதன் பின்னால் அடையாளமாக ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானத்துக்கு வர இரவு பதினொரு மணி ஆயிற்று.

அமெரிக்காவில் தலைமையகம் இருக்கும் எவன்ஸ்டனிலிருந்து ஒப்புதல் வந்து, சங்கத்தை அங்கீகரிக்கும் பட்டயத்தையும் கையில் வாங்கியாயிற்று. அதை எடுத்துக்கொண்டு சங்கத்தின் பெயரில் கணக்குத் தொடங்க வங்கிக்குப் போனோம். கவுன்டரில் இருந்த இளம் அதிகாரி அதை மேலும் கீழும் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார். "சார், இதில் நம் அரசாங்க முத்திரை எங்கே?" என்றார். நியாயமான கேள்வி. இல்லினாய்ஸில் இருக்கும் தலைமையகம் எங்களை அங்கீகரித்தது என்பதால் எங்கள் ஊர் வங்கி அங்கீகரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். அதற்கு ஏழு பேர் போதும். பிறகு பான் அட்டை, பிறகு தீர்மான நகல், பிறகுதான் கணக்கு. புதிய சங்கம் தொடங்குகிறவர்கள் இந்த வேலையைப் பட்டயத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. இன்னொரு தலைவலி, ரோட்டரிக்கு வருடம் ஜூலை முதல் ஜூன் வரை, வருமான வரிக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பொருளாளராக ஆடிட்டரைப் போட்டதால் தப்பித்தோம்.

பட்டயம் வழங்கும் விழா. இதைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அழைப்பிதழில் யார் பெயர் எங்கே வர வேண்டும் என்பதற்கு முறை உண்டு. மாவட்ட ஆளுநர், அடுத்த ஆண்டு ஆளுநர், அதற்கடுத்த ஆண்டுக்குத் தேர்வானவர், முன்னாள் ஆளுநர்கள் பதவி வகித்த ஆண்டு வரிசையில், உதவி ஆளுநர் என்று நீண்டுகொண்டே போகும். அச்சகத்தில் முதல் படி வந்தபோது எங்கள் தலைவியின் பெயர் கடைசி வரியில், அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்குச் சற்று மேலே இருந்தது. இரண்டு முன்னாள் ஆளுநர்களின் ஆண்டு வரிசை மாறிவிட்டது என்று ஒருவர் போனில் சொல்ல, மறுபடி அடித்தோம். அட்டைக் கட்டு வீணாகப் போனது. விழா மேடையில் மூன்று வரிசை நாற்காலி. கீழே உறுப்பினர்களைவிட மேலே விருந்தினர் அதிகம்.

இந்த மாலை மரியாதையைப் பார்ப்பவர்கள், அதிகாரம் மேலிருந்து கீழே வருவதாக நினைப்பது இயல்பு. நடைமுறை வேறு. ஆளுநர் என்பவர் ரோட்டரி இன்டர்நேஷனலுக்கு மாவட்டத்தில் இருக்கும் அதிகாரி. பதவி ஒரே ஒரு வருடம், சம்பளம் கிடையாது. வருடத்தில் சங்கங்களைப் பார்வையிட வருவார், அறிவுரை சொல்வார். குளம் தூர் வாராதே, கண் முகாம் நடத்து என்று அவர் உத்தரவிட முடியாது. எங்கள் பணம், எங்கள் திட்டம், எங்கள் தலைவலி. ரோட்டரி மாவட்டத்துக்கும் வருவாய் மாவட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோவையும் கொச்சியும் பல ஆண்டுகள் 3201 என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. இலங்கையும் மாலத்தீவும் சேர்ந்து 3220.

அதற்கு மேலே உலகம் 34 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து இரண்டாண்டுப் பதவிக்கு வரும் இயக்குநர்கள் 17 பேர். தலைவரும் அடுத்த தலைவரும் சேர்ந்து 19 பேர் கொண்ட இயக்குநர் குழு. உலகத் தலைவருக்கும் ஒரு வருடம்தான். கொழும்புச் சங்கத்தைச் சேர்ந்த கே.ஆர். ரவீந்திரன் 2015-16-இல் அந்த நாற்காலியில் இருந்தார். அலுவலகத்தை நடத்துவது இயக்குநர் குழு நியமிக்கும் பொதுச் செயலாளர். வருடா வருடம் மாலை வாங்குகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்க, வருடக்கணக்கில் நிலையாக இருப்பவர் அவரும் அவருடைய ஊழியர்களும்தான். உதவித்தொகை வழங்கும் ரோட்டரி அறக்கட்டளைக்கு 15 அறங்காவலர்கள் தனியாக உண்டு.

இந்த அமைப்பில் சங்கத்துக்கு உண்மையான ஆபத்து, பட்டயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான். எங்கள் தலைவி பல் மருத்துவர். பெண்ணைத் தலைவராகப் போட்டது பற்றி விழாவில் ஒரு பெரியவர் புளகாங்கிதமாகப் பேசினார். அவர் சொல்லாமல் விட்டது டுவார்ட்டே கதை. கலிபோர்னியாவில் இருக்கும் டுவார்ட்டே சங்கம் 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. அப்போதைய விதிப்படி ஆண்கள் மட்டுமே உறுப்பினராகலாம். 1978-இல் பட்டயம் பறிக்கப்பட்டது. அவர்கள் கலைந்து போகவில்லை. 'முன்னாள் ரோட்டரி சங்கம்' என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்து கூடினார்கள், வழக்கும் போட்டார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த வருடமே சில்வியா விட்லாக் அந்தச் சங்கத்தின் தலைவியானார். ரோட்டரி சங்கம் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான். விதிப் புத்தகத்திலிருந்து ஆண்கள் மட்டும் என்பது உலகம் முழுவதற்கும் நீங்கியது 1989-இல், மறுபடியும் அதே சட்டமியற்றும் மன்றத்தில். பெருந்தன்மையால் திறந்த கதவு என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு சின்ன ஊர்ச் சங்கம் பட்டயத்தைப் பணயம் வைத்துத் திறந்த கதவு அது.

செயலாளர் வேலையில் பாதி, உறுப்பினர் பட்டியலைச் சரியாக வைத்திருப்பது. விலகியவரின் பெயரை ஜூலை 1-க்கு முன் இணையக் கணக்கிலிருந்து எடுக்காவிட்டால் அவருக்கும் சேர்த்து நாம் கட்ட வேண்டும். இன்னும் முக்கியம், அதே பில்லில் உள்ள எண்ணிக்கைதான் நம் வாக்குரிமையையும் தீர்மானிக்கிறது. மாவட்டத்தில் 25 உறுப்பினருக்கு ஒரு வாக்கு. உலக மாநாட்டில் 50-க்கு ஒன்று. எவ்வளவு சிறிய சங்கமானாலும் ஒரு வாக்கு நிச்சயம்.

ஆளுநரைப் பதவியேற்பதற்கு இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுவார்கள். ஏழு ஆண்டாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், சங்கத் தலைவராகவும் இருந்திருக்க வேண்டும். ஓட்டுக் கேட்டுப் பிரசாரம் செய்யக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் எங்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. அதுவரை எங்கள் ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காத இருவர் அந்த மாதம் எங்கள் உடல்நலத்தை விசாரித்துப் போன் செய்தார்கள். ஒருவர் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கே வந்திருந்தார்.

யாருக்கு வாக்கு என்பதைச் சங்கக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்தோம். எங்களுக்கு இருப்பது ஒன்று. இரண்டாவது வாக்கு வேண்டுமானால் 38 பேர் வேண்டும். முதல் இருபத்தைந்துக்கு மேல், அடுத்த இருபத்தைந்தில் பாதியைத் தாண்டினால்தான் கணக்கில் வரும். தலைவி இப்போதே பெயர்ப் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார். ஜனவரி 1-க்கு முன் சேர்த்தால் பில் ஏறும், வாக்கெடுப்பு முடியும்வரை சேர்த்து வைத்துவிட்டுப் பிறகு எடுத்துவிடலாமே என்று ஆலைக்காரர் யோசனை சொன்னார். எடுத்தாலும் பில் வந்த எண்ணிக்கைக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னதும் அந்த யோசனை அங்கேயே நின்றுவிட்டது.