தமிழ்99 தட்டும் சுண்டுவிரலுக்காக ஒரு வயர்லெஸ் கீபோர்டு

ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் வைத்த மெக்கானிக்கல் கீபோர்டு பற்றிய மதிப்புரைகளில் முக்கால்வாசி அதன் சத்தத்தைப் பற்றியே இருக்கும். மீதி விளக்குகளைப் பற்றி. மொழிபெயர்ப்பு வேலையில் நாள் முழுக்கத் தமிழில் தட்டுகிற எனக்கு வேண்டிய விவரம் வேறு: சாயங்காலம் வலது சுண்டுவிரல் வலிக்குமா, வலிக்காதா?

தமிழ்99 என்ற கீபோர்டு அமைப்பில் தட்டுபவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில் என்பது அருமையான ஏற்பாடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. இன்றும் இதைவிட வேகமான ஒன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் வலது சுண்டுவிரலின் பக்கத்தில்தான் இருக்கின்றன. ண இருக்கும் பி கீயைத் தவிர, ஆங்கிலத்தில் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் போன்றவை இருக்கிற, எப்போதாவது தொடுகிற இடங்கள் அவை. தமிழில் அந்த இடங்களைத் தொடாமல் ஒரு வரி எழுத முடியாது. போதாததற்கு என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிஃப்ட் மூன்றும் அதே விரலின் தலையில்.

நான் இப்போது பயன்படுத்துவது முழுக் கீபோர்டைவிடச் சின்னதான, '75 சதவீதம்' என்று சொல்லப்படும் அளவிலான, அலுமினிய உடல் கொண்ட வயர்லெஸ் கீபோர்டு. நம்பர் பேட் கிடையாது. மற்ற கீகளில் பெரும்பாலானவை உண்டு. இன்னும் சின்னதாக, 40 சதவீத அளவில் வருபவை பார்க்க அழகுதான். ஆனால் அவற்றில் அடைப்புக்குறிக் கீகளே தனியாக இருக்காது. அந்தக் கீகள் போனால் நமக்கு ச, ஞ இரண்டும் போய்விடும். அவற்றை இன்னொரு லேயரில், அதாவது வேறொரு கீயைப் பிடித்தால் மட்டும் வரும் அடுக்கில், ஒளித்துவைத்துத் தட்டலாம் என்பார்கள். சகரத்துக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு கீ அழுத்த எனக்குப் பொறுமை இல்லை.

இதை வாங்க முதல் காரணம் ஹாட்-ஸ்வாப். சால்டரிங் இல்லாமல் ஸ்விட்சுகளைப் பிடுங்கி வேறு பொருத்தலாம். இதைப் பற்றிப் பேசும் எல்லாரும் மொத்தமாக மாற்றுவதைத்தான் சொல்கிறார்கள். ஒரு விரலுக்கு மட்டும் மாற்றலாம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். மற்ற கீகளில் 45 கிராம் விசையில் அழுந்துகிற, நடுவில் தடங்கல் இல்லாத லீனியர் ஸ்விட்சை வைத்துக்கொண்டு, சுண்டுவிரலுக்கான அந்த ஆறு இடங்களில் மட்டும் 35 கிராம் ஸ்விட்ச் போட்டேன். பத்து கிராம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரே விரல் ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை அழுத்துகிறது என்று யோசித்தால் அப்படித் தோன்றாது. சுண்டுவிரலின் அடியில் மணிக்கட்டு வரை ஓடும் ஒரு இழுப்பு எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. அது இப்போது இல்லை. மருத்துவ விளக்கம் எதுவும் சொல்ல வரவில்லை, என் கைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஸ்விட்ச் மாற்றும்போது நேராகக் கீழே அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் செப்புக் கால்கள் மடங்கிவிடும்.

அடுத்தது கீ மாற்றங்கள். இதில் க்யூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இருக்கிறது, எந்தக் கீ என்ன செய்யும் என்பதை வயா என்ற கருவி வழியாக பிரௌசரிலேயே மாற்றலாம். குரோம் வகை பிரௌசர் வேண்டும், அப்போது கேபிளும் மாட்டியிருக்க வேண்டும். மாற்றியது கீபோர்டின் நினைவகத்திலேயே தங்கிவிடுகிறது. எந்த மென்பொருளையும் நிறுவ விடாத அலுவலகக் கணினியிலும் அதே அமைப்பு வரும்.

ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது. எந்தக் கீ அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும்தான் அது அனுப்புகிறது. அதைக் 'க' ஆக்குவது கணினி. அதனால் தமிழ் எழுத்துகளை நான் தொடவே இல்லை, சுற்றியிருப்பதைத்தான் மாற்றினேன். கேப்ஸ் லாக் இப்போது பேக்ஸ்பேஸ். தமிழில் பேக்ஸ்பேஸ் அதிகம் தேவைப்படும். 'கோ'வை அழிக்கப் போனால் பெரும்பாலான இடங்களில் முதலில் கொம்பும் காலும் போய் 'க' நிற்கும், இன்னொரு தடவை அழுத்த வேண்டும். அந்த வேலை இடது கைக்குப் போனது. வலது ஆல்ட் என்டர் ஆனது, அதைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்கிறது. அதன் பக்கத்துக் கீ தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவதற்கு. விண்டோஸும் ஸ்பேஸும் சேர்ந்த கட்டளையை அதில் வைத்திருக்கிறேன்.

நடு வரிசை எழுத்துகளையே ஷிஃப்ட், கன்ட்ரோல் ஆக்கும் முறை ஒன்று பிரபலம். தட்டினால் எழுத்து, பிடித்திருந்தால் ஷிஃப்ட். ஆங்கிலம் தட்டுபவர்கள் கொண்டாடுகிறார்கள். தமிழ்99க்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். எஃப் இருக்கும் இடம் நமக்குப் புள்ளி. க்க, ந்த, ம்ப போன்றவற்றில் புள்ளி தானாக விழும் என்றாலும் மற்ற மெய்களுக்கெல்லாம் அதைத்தான் அழுத்துகிறோம். தட்டலா, பிடித்தலா என்று முடிவெடுக்க க்யூஎம்கேயில் இயல்பான காத்திருப்பு 200 மில்லிசெகண்ட். விரல் அதற்கு மேல் ஒரு கணம் தங்கினால் புள்ளி விழாமல் ஷிஃப்ட் ஆகி, 'அன்பு' சிதைந்துபோகும்.

வயர்லெஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். புளூடூத்தில் மூன்று கருவிகள், தனியாகக் கணினியில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் ஒன்று. எழுதும் வேலைக்கு இரண்டிலும் வேகம் போதும். தொந்தரவு ஒன்றே ஒன்று: கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கீபோர்டு தூங்கிவிடுகிறது, எழுப்பும்போது முதல் எழுத்தை விழுங்குகிறது. 'மரம்' என்று தட்டினால் திரையில் 'ரம்'. பிழை திருத்தும் நேரத்தில் இது ஆபத்தான விஷயம், கண்ணில் படாமலே போகலாம். அதனால் முதலில் ஷிஃப்டை ஒரு தட்டு தட்டி எழுப்பிவிட்டுத்தான் தொடங்குகிறேன். பேட்டரி 4000 மில்லி ஆம்பியர்-ஹவர். விளக்கை அணைத்துவைத்தால் சார்ஜ் பற்றிய நினைப்பே வருவதில்லை. எரியவிட்டால் மளமளவென்று இறங்கும். கீகளின் மூடிகளான கீகேப்கள் ஒளி ஊடுருவாத பிபிடி பிளாஸ்டிக் வகை என்பதால் விளக்கால் எனக்குப் பயனும் இல்லை. ஏபிஎஸ் பிளாஸ்டிக் போல இவை சீக்கிரம் வழவழப்பாவதில்லை.

குறை என்றால் எடை. கிட்டத்தட்ட இரண்டு கிலோ. வயர் இல்லை என்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு அலைய முடியாது. நீளமான ஸ்பேஸ்பார் சாயாமல் அழுந்த உதவும் ஸ்டெபிலைசரும் வந்தபோது கடகடத்தது; உள்ளே இருக்கும் கம்பியின் முனைகளில் கிரீஸ் தடவிய பிறகு அடங்கியது. இந்த விலைக்கு அதைத் தொழிற்சாலையிலேயே செய்து அனுப்பியிருக்க வேண்டும்.

நீங்களும் தமிழ்99 தட்டுபவர் என்றால், வாங்கும் முன் படத்தில் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு அடைப்புக்குறிக் கீகள், மேற்கோள் கீ, சாய்கோட்டுக் கீ ஆகியவை முழு அளவில், வழக்கமான இடத்தில் இருக்கின்றனவா? ஸ்பேஸ்பாருக்கு வலப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும்படி இரண்டு கீயாவது இருக்கிறதா? அதற்கப்புறம் வேண்டுமானால் சத்தத்தைக் கேளுங்கள்.